சுண்டுவிரல் சொன்ன செய்தி: கழுத்தடி இடைத்தட்டு நோயின் வரலாறு

கை விறைக்கின்றது என்று வைத்தியரிடம் செல்லும் எவரும் தமது கழுத்தைக் காட்டுவதில்லை. விறைக்கும் விரலையே காட்டுவர். அது இயல்பே. ஆயினும் விரலிலே தோன்றும் விறைப்புக்கு விரல்தான் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. கழுத்தும் முதுகும் சந்திக்கும் இடத்தில் ஏற்படும் ஒரு சிறு பிதுக்கம் சுண்டுவிரலிலே தன்னை வெளிப்படுத்தக்கூடும். இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொள்வதற்கு நெடுங்காலம் சென்றது. அக்காலமெல்லாம் இந்நோய் கட்டி என்றும், விலா என்பின் குறை என்றும், இருதய நோய் என்றும் பல பெயர்களால் அழைக்கப்பட்டது. பிழையான பெயரைப் பெற்ற நோய்க்குப் பிழையான சிகிச்சையே கிடைத்தது. அந்த வரலாற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

ஏழு என்புகள், எட்டு நரம்புகள்

எமது கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உள்ளன. அவற்றின் கீழே நெஞ்சறைக்குரிய பன்னிரண்டு முள்ளென்புகள் தொடங்குகின்றன. கழுத்தின் முதலிரு என்புகள் நீங்கலாக, அடுத்தடுத்த இரண்டு என்புகளுக்கு நடுவே மெத்தைபோல் ஓர் இடைத்தட்டு அமைந்துள்ளது. இதனையே மக்கள் 'டிஸ்க்' என்கின்றனர். அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையமாகவும் உட்புறம் பசைபோன்றதாகவும் இருக்கும். வளையம் கிழிந்தாலோ தளர்ந்தாலோ உள்ளிருப்பது பின்புறமாகப் பிதுங்கும். அங்கேதான் முண்ணாணும் அதிலிருந்து கிளைக்கும் நரம்பு வேர்களும் உள்ளன.

கழுத்து என்புகள் ஏழாயினும் கழுத்து நரம்புகள் எட்டு. முதலாவது நரம்பு முதலாவது என்புக்கு மேலாக வெளிவருவதே இதற்குக் காரணம். எனவே எட்டாவது நரம்பு, கழுத்தின் கடைசி என்புக்கும் நெஞ்சறையின் முதல் என்புக்கும் இடையில் வெளியேறுகின்றது. சுண்டுவிரல், மோதிரவிரலின் ஒரு பகுதி, முன்கையின் உட்புறம் ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்பைச் சார்ந்தது. விரல்களை மடக்கி இறுகப் பிடிக்கும் வலிமையும் பெருமளவில் இதனையே சார்ந்தது. அதற்கு அடுத்த நரம்பான நெஞ்சறையின் முதல் நரம்பு கையின் சிறு தசைகளை இயக்குகின்றது. கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பு இழைகளும் முண்ணாணிலிருந்து வெளிவரும்போது முக்கியமாக இந்த நரம்பின் வழியே வருகின்றன.

கழுத்திலே கூடுதலாக அசைவதும் தேய்வதும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் என்புகளுக்கு இடைப்பட்ட பகுதியே. கழுத்து இடைத்தட்டுப் பிதுக்கங்களில் பெரும்பாலானவை அங்கேதான் ஏற்படுகின்றன. நெஞ்சறை முள்ளென்புகளை விலா என்புகள் கூடுபோல் கட்டி வைத்திருப்பதால் அவை அதிகம் அசைவதில்லை. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையில் உள்ள இடைத்தட்டு பிதுங்குவது அரிது. கழுத்துப் பிதுக்கங்கள் நூற்றை எடுத்தால் ஏறத்தாழ 4 முதல் 8 வரையே இந்த இடத்தைச் சேர்ந்தவை எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. அதற்கும் கீழே, நெஞ்சறையின் முதலாம் இரண்டாம் என்புகளுக்கு இடையே ஏற்படுவது இன்னும் அரிது. அரிதான ஒன்றை எவரும் முதலில் நினைப்பதில்லை. இந்நோய் மறைந்திருந்தமைக்கு இது முதலாவது காரணம்.

இறந்தோரிடம் கண்டவர்கள்

கழுத்து முறிந்தால் கைகால்கள் செயலிழக்கும் என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு பப்பைரசுச் சுருள் 1862இல் லக்சோர் நகரில் எட்வின் சிமித் என்பவரால் வாங்கப்பட்டது. ஜேம்ஸ் பிரெஸ்ரெட் அதனை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். அதிலுள்ள 48 நோயாளர் விபரங்களில், கழுத்து முள்ளென்பு இடம்பெயர்ந்து கைகால்களை உணர முடியாமற்போன ஒருவரின் நிலையும் உண்டு. அது சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என்று அந்த வைத்தியர் எழுதி வைத்தார்.

1543இல் வெசாலியஸ் தமது உடற்கூற்று நூலில் இடைத்தட்டின் அமைப்பை விபரித்தார். 1764இல் நேப்பிள்ஸ் நகரத்துக் கொற்றுன்யோ, காலில் இறங்கும் ஒருவகை நோவு மூட்டிலிருந்து அல்ல, நரம்பிலிருந்தே வருகின்றது என்று எழுதினார். 1838இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வைத்தியர் அஸ்ரன் கீ, இடைத்தட்டு உட்புறமாகத் தள்ளி முண்ணாணை அழுத்தியதை எடுத்துக்காட்டினார். ஜேர்மனியில் 1857இல் விர்ஹோவும் 1858இல் லுஷ்காவும் பிரேத பரிசோதனைகளில் பிதுங்கிய இடைத்தட்டுகளைக் கண்டு எழுதினர்.

இத்தனை பேர் கண்டும் ஏன் நோய் புலப்படவில்லை? இறந்தவரின் முள்ளந்தண்டைத் திறந்து பார்த்தவர், அவர் உயிரோடிருந்தபோது எந்த விரல் விறைத்தது என்று கேட்டறிந்தவர் அல்லர். உயிரோடிருந்த நோயாளரின் முறைப்பாட்டைக் கேட்டவரோ அவரது முள்ளந்தண்டைப் பார்த்தவர் அல்லர். இருவருடைய அறிவும் ஒன்றுசேர நெடுங்காலம் சென்றது.

இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த ஆரம்ப நிகழ்வுகளுள் ஒன்று 1911இல் கிளாஸ்கோ நகரில் வெளியான ஓர் அறிக்கையாகும். பாரமான பொருளொன்றைத் தூக்கிய ஒரு தொழிலாளிக்கு முதுகிலே ஏதோ முறிவதுபோல் இருந்தது. கால்கள் செயலிழந்தன. சில நாட்களில் அவர் இறந்தார். மிடில்ரன், ரீச்சர் என்னும் இரு வைத்தியர்கள் அவரது முள்ளந்தண்டை ஆராய்ந்து, கிழிந்த இடைத்தட்டின் பகுதி முண்ணாணை அழுத்தியதைக் கண்டனர். தொழிலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு அன்றே எழுத்தில் பதிவாகியது.

கண்ணும் கையும்

கழுத்தடிப் பகுதியின் புதிரில் ஒரு முக்கிய முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண். ஒருபக்கக் கண்ணிமை தாழ்ந்து, கண்மணி சுருங்கி, அந்தப் பக்கத்து முகத்தில் வியர்வையும் இல்லாதிருக்கும் நிலையை 1869இல் சுவிற்சர்லாந்தின் கண் வைத்தியர் ஹோர்னர் விபரித்திருந்தார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. கையின் சிறு தசைகள் செயலிழந்த சிலரிடம் இதே கண் மாற்றமும் காணப்பட்டது. கைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

1885இல் பாரிஸ் நகரில் மருத்துவ மாணவியாக இருந்த ஒகஸ்ரா குளும்ப்கே இதற்கு விடை தந்தார். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1859இல் பிறந்து, தாயாருடனும் சகோதரங்களுடனும் ஐரோப்பாவுக்கு வந்தவர் அவர். பெண்கள் வைத்தியசாலைகளில் பயிற்சி பெறுவதைப் பலர் எதிர்த்த காலம் அது. கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதியின் கீழ் வேர்கள் பாதிக்கப்படும்போது கை நலிவதையும், நெஞ்சறையின் முதல் நரம்பிலிருந்து பரிவு நரம்புக்குச் செல்லும் கிளை பாதிக்கப்படும்போது கண் மாறுவதையும் அவர் நிறுவினார். கழுத்தடியில் முதுகின் முதல் இடைத்தட்டு பிதுங்கும்போது சில வேளைகளில் கண்ணிமை தாழ்வது ஏன் என்பதற்கு இன்றைய வைத்தியரும் சொல்லும் விளக்கம் இதுவே.

கட்டி என்ற பெயர்

1887இல் இலண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி முண்ணாணை அழுத்திய ஒரு கட்டியை வெற்றிகரமாக அகற்றினார். அது பெரும் சாதனை. ஆனால் அதன் பின்னர் முள்ளந்தண்டைத் திறந்த வைத்தியர்கள் கட்டியை எதிர்பார்த்தே திறந்தனர். 1908இல் பேர்லினில் ஒப்பன்ஹைமும் கிரவுசவும் இடுப்புப் பகுதியில் ஒரு துண்டை அகற்றி நோயாளரைக் குணப்படுத்தினர். அகற்றியது இடைத்தட்டின் துண்டு. அவர்கள் அதற்கு இட்ட பெயரோ கசியிழையக் கட்டி என்பதாகும்.

கழுத்திலும் இதுவே நடந்தது. 1928இல் நியூயோர்க் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பைரன் ஸ்ரூக்கி, கழுத்து முண்ணாணை முன்புறமிருந்து அழுத்தும் கசியிழையக் கட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பக்கம் அழுத்தினால் எத்தகைய அறிகுறிகள் தோன்றும் என்பதை அவர் நுட்பமாக வகுத்திருந்தார். அறிகுறிகள் பற்றிய அவதானம் சரியாகவே இருந்தது. பெயர் மட்டுமே பிழைத்தது. 1929இல் வோல்ரர் டான்டி, இவை கட்டிகளல்ல, இடைத்தட்டிலிருந்து உடைந்து வந்த துண்டுகளே என்று இரு நோயாளர்களைக் கொண்டு எழுதினார். அன்று அதனைக் கவனித்தோர் சிலரே.

இதே காலத்தில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஷ்மோர்ல் என்னும் நோயியல் அறிஞர் ஆயிரக்கணக்கான முள்ளந்தண்டுகளை ஆராய்ந்து, இடைத்தட்டுப் பிதுக்கம் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டினார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் என்புச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோசப் பார் அந்த ஆய்வை நன்கு அறிந்திருந்தார். பனிச்சறுக்கலில் காயமுற்ற ஓர் இளைஞருக்கு 1932இல் வில்லியம் மிக்ஸ்ரர் சத்திரசிகிச்சை செய்து ஒரு துண்டை அகற்றியபோது, அது கட்டியல்ல, இடைத்தட்டே என்பதை உணரும் வாய்ப்பு பாருக்குக் கிடைத்தது. பின்னர் மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் கட்டிகள் என்று பெயரிட்டுப் போத்தல்களில் பாதுகாக்கப்பட்ட பழைய துண்டுகளை எடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். அவற்றுள் பல இடைத்தட்டின் பகுதிகளாகவே இருந்தன. 1934 ஆகஸ்டில் மிக்ஸ்ரரும் பாரும் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகின் பார்வையை மாற்றியது.

1940இல் ஸ்ரூக்கி மீண்டும் எழுதினார். இம்முறை கட்டி என்று எழுதவில்லை. கழுத்து இடைத்தட்டின் உட்பகுதி பிதுங்குவதால் ஏற்படும் அழுத்தம் என்றே எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தாம் இட்ட பெயரைத் தாமே மாற்றிய அச்செயலை நாம் மதிக்கவேண்டும்.

விலா என்பு, இருதயம், நுரையீரல்

முண்ணாணை அழுத்தும் பெரிய பிதுக்கங்கள் இவ்வாறு இனங்காணப்பட்டன. ஆனால் ஒரு பக்க நரம்பு வேரை மட்டும் அழுத்தும் சிறு பிதுக்கங்கள் தொடர்ந்தும் மறைந்தே இருந்தன. சுண்டுவிரல் விறைத்துப் பிடி தளர்ந்தவருக்குக் கழுத்தில் மேலதிகமாக ஒரு விலா என்பு இருந்தால் பழி அதன்மீது விழுந்தது. 1861இலேயே இலண்டனில் கூற் என்பவர் அத்தகைய விலா என்பை அகற்றியிருந்தார். விலா என்பு இல்லாதவரிடம் கழுத்தின் பக்கத்திலுள்ள தசை நரம்பை நெரிப்பதாகக் கூறி, 1927 முதல் அதனை வெட்டும் சிகிச்சை பரவியது. உண்மையிலேயே அந்த நெரிப்பு உள்ளவர்களும் இருந்தனர். ஆனால் வேரிலே அழுத்தம் இருந்தவருக்கு வழியிலே வெட்டியதால் பயன் கிடைத்திருக்காது.

1943இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துச் செம்ஸ், மேர்பி ஆகிய இருவரும் நான்கு நோயாளர்களைப் பற்றி எழுதினர். கழுத்தின் ஆறாவது இடைத்தட்டு ஒரு பக்கமாகப் பிதுங்கி, நெஞ்சிலும் கையிலும் நோவை ஏற்படுத்தியமையால் அது இருதய நோய் போலவே தோன்றியது. அடுத்த ஆண்டில் ஸ்பேர்லிங், ஸ்கோவில் ஆகியோர், தோளிலும் கையிலும் ஏற்படும் நோவுக்குக் கழுத்து இடைத்தட்டுப் பிதுக்கம் ஒரு பொதுவான காரணம் என்று நிறுவினர். தலையை நோவுள்ள பக்கம் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்தினால் நோவு கைக்குள் பாய்கின்றதா என்று பார்க்கும் ஸ்பேர்லிங் பரிசோதனை இன்றும் வைத்தியர்களால் செய்யப்படுகின்றது.

1932இல் பிலடெல்பியாவின் பான்கோஸ்ற் எழுதிய கட்டுரையையும் இங்கு மறத்தலாகாது. நுரையீரலின் உச்சியில் தோன்றும் புற்றுநோயும் அதே கீழ் நரம்புகளைத் தாக்கி, அதே கை நோவையும், தசை நலிவையும், கண்ணிமைத் தாழ்வையும் தரக்கூடும் என்று அவர் காட்டினார். ஆகவேதான் கழுத்தடி நோயை ஐயுறும் வைத்தியர் நெஞ்சையும் ஆராய்கின்றார்.

தோள்களுக்குப் பின்னால்

நோயைக் கண்ணால் காணும் வழிகளும் மெதுவாகவே வந்தன. 1895இல் றோண்ட்ஜன் எக்ஸ்றே கதிரைக் கண்டுபிடித்தார். அது என்பைக் காட்டியது, இடைத்தட்டைக் காட்டவில்லை. கழுத்தடிப் பகுதிக்கு மேலும் ஓர் இடர் இருந்தது. பக்கவாட்டில் படமெடுக்கும்போது தோள்கள் அந்த இடத்தை மறைத்துவிடும். எனவே நீந்துபவர்போல் ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, மறு கையைக் கீழே இறக்கிப் படமெடுக்கும் முறை ஏற்பட்டது. 1921இல் பிரான்சில் சிக்கார், பொறஸ்ரியே ஆகியோர், அயடீன் சேர்த்த கசகசா எண்ணெயை முள்ளந்தண்டினுள் செலுத்தி, அது எங்கே தடைப்படுகின்றது என்று பார்க்கும் முறையைத் தொடங்கினர். அம்முறை நோயாளருக்கு வேதனை தருவதாக இருந்தது.

1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. கருவி முதல் நோயாளரைப் படமெடுத்தது. 1973இல் லோற்றபர் காந்தப் புலத்தின் மூலம் படம் பெறும் வழியை வெளியிட்டார். இங்கிலாந்தின் மான்ஸ்பீல்ட் அதனை மேலும் வளர்த்தார். இவ்விருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ. எனப்படும் இக்கருவி வந்தபின், தோள்களுக்குப் பின்னால் மறைந்திருந்த இடைத்தட்டும் நரம்பு வேரும் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தன.

படம் மட்டும் போதுமா? போதாது என்பதை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கழுத்திலோ கையிலோ எவ்வித முறைப்பாடும் இல்லாத 63 பேரை போடன் குழுவினர் எம்.ஆர்.ஐ. படமெடுத்தபோது, நாற்பது வயதுக்குக் குறைந்தோரில் 14 வீதத்தினரிடமும் அதற்கு மேற்பட்டோரில் 28 வீதத்தினரிடமும் கழுத்தில் மாற்றங்கள் தெரிந்தன. படத்தில் தெரியும் பிதுக்கம் நோவுக்குக் காரணமானதா என்பதை, நோயாளர் காட்டும் விரலோடு பொருத்தியே முடிவு செய்யவேண்டும்.

சிகிச்சையும் நம்பிக்கையும்

1955இல் சிமித், றொபின்சன் ஆகியோர் கழுத்தின் முன்புறமாகச் சென்று இடைத்தட்டை அகற்றும் முறையை அறிவித்தனர். 1958இல் ஹவாய்த் தீவின் குளோவார்ட் தமது முறையை வெளியிட்டார். ஆனால் கழுத்தடியில் முன்வழி எளிதன்று. மார்பென்பின் மேல்விளிம்பும் பெரிய இரத்தக் குழாய்களும் குறுக்கே நிற்கின்றன. குரலுக்குரிய நரம்பும் அருகிலேயே செல்கின்றது. எனவே பக்கவாட்டில் பிதுங்கிய துண்டைப் பின்புறமாக ஒரு சிறு துவாரம் அமைத்து அகற்றும் வழியையும் வைத்தியர்கள் கைக்கொள்கின்றனர்.

எல்லோருக்கும் கத்தி வேண்டியதில்லை. அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் நோயுற்ற 561 பேரின் விபரங்கள் 1994இல் வெளியாகின. அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. இறுதியாகப் பார்த்தபோது 90 வீதத்தினர் நோவின்றியோ சிறு இடையூறுடன் மட்டுமோ வாழ்ந்தனர். ஆனால் பிடி நாளுக்கு நாள் தளர்தல், கைத்தசை மெலிதல், நடை தடுமாறுதல், சிறுநீரை அடக்க முடியாமற்போதல் ஆகியவை தோன்றினால் காத்திருத்தல் ஆகாது. நெஞ்சு நோவு எழுந்தால் அதனைக் கழுத்து நோவென்று நாமே முடிவு செய்தலும் ஆகாது. முதலில் இருதயத்தையே பார்க்கவேண்டும்.

எமக்கு இதனால் என்ன?

தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் கைகளை நம்பி உழைக்கும் எமது குடும்பங்களுக்கு, பிடி தளர்வது என்பது வருமானம் தளர்வதாகும். அந்நிய மொழி பேசும் வைத்தியர்முன் எம்மவர் பலர் இன்னொருவர் வாயால் பேசுகின்றனர். பல வீடுகளில் பள்ளி செல்லும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். உளைவு வேறு, விறைப்பு வேறு, குத்து வேறு, எரிவு வேறு. எமது மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. மொழிபெயர்ப்பில் அவை யாவும் 'நோவு' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. அம்மாவுக்குக் கை நோகின்றதாம் என்று பிள்ளை சொன்னால், எட்டாவது நரம்பைப் பற்றி வைத்தியர் எவ்வாறு எண்ணுவார்?

ஆகவே செல்லும் முன்னரே வீட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கை, எந்த விரல், உள்ளங்கையா புறங்கையா, முன்கையின் எந்தப் பக்கம், விறைப்பா, எரிவா, வலுக்குறைவா, எப்போது தொடங்கியது, கழுத்தைத் திருப்பினால் கூடுகின்றதா, போத்தல் மூடியைத் திறக்கவும் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் முடிகின்றதா, கண்ணிமையில் மாற்றம் உண்டா. மொழிபெயர்ப்பாளர் தரும் உரிமை உள்ள நாடுகளில் அதனைத் தயங்காது கேளுங்கள். சொல் கிடைக்காவிட்டால் விரலைத் தொட்டுக் காட்டுங்கள். பொஸ்ரன் வைத்தியர்கள் பழைய போத்தல்களைத் திறந்து மீண்டும் பார்த்ததுபோல், ஒரு முறை இட்ட பெயர் பொருந்தவில்லை எனத் தோன்றினால் மீண்டும் பார்க்கும்படி மரியாதையுடன் கேட்பதும் நோயாளரின் உரிமையே.